நாலு மூலையிலும் பாட்டு: பழைய குவாட் இசைத்தட்டை வீட்டில் போட்டுக் கேட்பது எப்படி?

போன மாதம் இங்கே சிங்கப்பூரில், தோ பாயோவில் இருக்கும் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பினார். பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய எல்பி. அட்டையின் மேல் மூலையில் ‘குவாட்ரஃபோனிக்’ என்று கொட்டை எழுத்து. கூடவே ஒரு கேள்வி: “அண்ணே, இதுக்கு நாலு ஸ்பீக்கர் வேணுமாமே. எங்கிட்ட ரெண்டுதான் இருக்கு. போட்டா தட்டு கெட்டுப்போயிடுமா?”

கெடாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1970களில் வந்த குவாட்ரஃபோனிக், சுருக்கமாகக் குவாட், இசைத்தட்டுகள் நாலு ஸ்பீக்கருக்கானவை என்றாலும், சாதாரண ஸ்டீரியோ செட்டில் போட்டாலும் பாடும்படிதான் செய்யப்பட்டன. அப்படிச் செய்யாவிட்டால் அன்றைக்கு ஒரு கடைக்காரரும் அவற்றை வாங்கி அடுக்கியிருக்க மாட்டார். ஒரே ஒரு வகையில் மட்டும் ஊசி விஷயத்தில் கவனம் தேவை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் தம்பி கேட்காத கேள்விதான் முக்கியமானது: இது எந்த குவாட்? கோப்பிக் கடையில் போய் வெறுமனே ‘காப்பி’ என்று கேட்டால் அங்கிள் நம்மை நிமிர்ந்து பார்ப்பார். கோப்பியா, கோப்பி-ஓவா, கோப்பி-சியா, கொசோங்கா என்று சொன்னால்தான் கை ஓடும். குவாட் என்ற சொல்லும் அப்படித்தான். அந்த ஒரு பெயருக்குள் ஒன்றோடொன்று ஒத்துவராத முறைகள் இருக்கின்றன. எது நம் கையில் இருக்கிறது என்று தெரியாமல் பழைய ரிசீவருக்கும், ஒலியைப் பிரிக்கும் டிகோடருக்கும் காசு கொடுப்பவர்கள்தான் அதிகம். நானும் கொடுத்திருக்கிறேன்.

ஒரு பள்ளம், இரண்டு சுவர்

முதலில் ஸ்டீரியோ. இசைத்தட்டின் பள்ளத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ‘வி’ வடிவில் இருக்கும். அதன் ஒரு சுவரில் இடது பக்க ஒலி, மறு சுவரில் வலது பக்க ஒலி. ஊசி அந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவே உட்கார்ந்து இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. 1958 வாக்கில் கடைக்கு வந்த ஏற்பாடு இது. இன்றைக்கு அச்சாகும் புது எல்பியிலும் இதேதான்.

1970 வாக்கில் ஒலிப்பதிவுக் கூடங்களில் பல தட டேப் இயந்திரங்கள் சாதாரணமாகிவிட்டன. கேட்பவருக்கு முன்னால் இரண்டு ஸ்பீக்கர், பின்னால் இரண்டு ஸ்பீக்கர் என்று வைத்தால் அரங்கத்துக்குள்ளேயே உட்கார வைத்துவிடலாமே என்று கம்பெனிகள் நினைத்தன. டேப்பில் அது சுலபம்: நாலு தடம், நாலு ஒலி, கதை முடிந்தது. ஆனால் மக்கள் வாங்கியது இசைத்தட்டு. தட்டிலோ சுவர் இரண்டுதான். நாலு ஒலியை இரண்டு சுவரில் எப்படி எழுதுவது?

இதற்கு இரண்டு விதமான பதில்கள் வந்தன. ஒன்று, நாலையும் கலந்து இரண்டாக்கிவிட்டு வீட்டில் மறுபடி பிரிப்பது. இதற்கு மேட்ரிக்ஸ் என்று பெயர். இன்னொன்று, கூடுதல் ஒலியைக் காதுக்குக் கேட்காத உயரத்தில் ஒளித்து வைப்பது. இதுதான் சிடி-4.

கலந்து பிரிக்கும் முறை

மேட்ரிக்ஸ் முறையில் இரண்டு பெயர்களை நினைவில் வைத்தால் போதும். அமெரிக்காவின் சிபிஎஸ் நிறுவனம் கொண்டுவந்த எஸ்கியூ, ஜப்பானின் சான்சூய் நிறுவனம் கொண்டுவந்த கியூஎஸ். எழுத்தை மாற்றிப் போட்டதுபோல் பெயர் வைத்து ஐம்பது வருடமாக ஆட்களைக் குழப்புகிறார்கள். இவற்றுக்கு முன்பே எலக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனத்தின் இவி-4 வந்துவிட்டது, அது நிலைக்கவில்லை.

பிரிப்பது எப்படி என்று புரிய ஒரு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் இரண்டு ஊஞ்சல்கள் பக்கத்தில் பக்கத்தில் ஆடுகின்றன. இரண்டும் ஒன்றாக முன்னே வந்து ஒன்றாகப் பின்னே போகலாம். ஒன்று முன்னே வரும்போது மற்றது பின்னே போகலாம். அல்லது, ஒன்று உச்சிக்குப் போய்ச் சேரும் நொடியில் மற்றது அடியைக் கடந்துகொண்டிருக்கலாம். அதாவது கால் சுற்று பின்தங்கி ஆடலாம். மூன்றிலும் ஊஞ்சல் ஆடும் வேகமும் உயரமும் ஒன்றுதான். மாறுவது இரண்டுக்கும் இடையே உள்ள உறவு மட்டும். ஒலியில் இந்த உறவைத்தான் ஃபேஸ் என்கிறார்கள்.

மேட்ரிக்ஸ் தட்டில் ‘இது முன்னால், இது பின்னால்’ என்ற அடையாளம் இந்த ஃபேஸில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கியூஎஸ் முறையில் பின் ஸ்பீக்கருக்கான ஒலி, இடது சுவரிலும் வலது சுவரிலும் ஒன்றுக்கொன்று எதிராக ஆடும்படி பதிவாகிறது. எஸ்கியூ முறையில் பின் ஒலி இரண்டு சுவரிலும் சம அளவில், ஆனால் ஒன்றுக்கொன்று கால் சுற்று விலகி ஆடும்படி பதிவாகிறது. எந்தச் சுவர் பின்தங்குகிறது என்பதை வைத்து, அது பின் இடதா பின் வலதா என்று டிகோடர் கண்டுபிடிக்கும். இந்த வேறுபாடு வெறும் நுணுக்கம் மாதிரித் தெரியும். ஆனால் உங்கள் வீட்டு ரிசீவர் எந்தத் தட்டைச் சரியாகப் பிரிக்கும் என்பது இதில்தான் தொங்குகிறது.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு நினைவிருக்கிறதா? தெரியாத எண்கள் நாலு இருந்தால் சமன்பாடும் நாலு வேண்டும். இங்கே இருப்பது இரண்டு. அதனால் முழுதாகப் பிரிக்க முடியாது. ஒன்றின் ஒலி இன்னொன்றில் கசியும். எளிய எஸ்கியூ டிகோடரில் முன் இடதும் முன் வலதும் நன்றாகப் பிரியும், ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே வெறும் 3 டெசிபெல் வித்தியாசம்தான். கியூஎஸ்ஸில் எதிர் மூலைகள் சுத்தமாகப் பிரியும், அடுத்தடுத்த மூலைகளுக்கு இடையே அதே 3 டெசிபெல். காதுக்கு அது ‘எங்கோ கொஞ்சம் நகர்ந்த மாதிரி’ என்ற அளவுதான்.

இந்தக் கசிவை மறைக்க ‘லாஜிக்’ சுற்றுகள் வந்தன. பட்டிமன்ற நடுவர் மாதிரி ஒரு வேலை. இந்த நொடியில் எந்த மூலையில் சத்தம் ஓங்குகிறது என்று பார்த்து, அந்த மூலைக்கு வழிவிட்டு மற்ற மூலைகளை அடக்குவது. நல்ல நடுவராக இருந்தால் யாரும் கவனிக்காமலே பேச்சு மாறும். மோசமான நடுவர் மைக்கைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுப்பார். பழைய மலிவு டிகோடர்களில் ஒலி மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்குவது அதனால்தான். சான்சூய் தன் கியூஆர்எக்ஸ் வரிசை ரிசீவர்களில் வைத்த வேரியோ-மேட்ரிக்ஸ் அந்தக் காலத்து நல்ல நடுவர்களில் ஒன்று. எஸ்கியூவுக்கு உண்மையிலேயே நல்ல டிகோடர், டேட் என்ற சுற்றோடு, குவாட் சந்தையே செத்துப்போன பிறகுதான் வந்தது. கல்யாணம் முடிந்து வந்த மேளக்காரர்.

ஒளித்து வைக்கும் முறை

சிடி-4 என்றதும் குறுந்தட்டு என்று நினைத்துவிடாதீர்கள். குறுந்தட்டு 1982இல்தான் வந்தது. இது ஜேவிசி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய எல்பி முறை. அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனம் இதை ‘குவாட்ராடிஸ்க்’ என்று விற்றது.

நம் ஈரடுக்குப் பேருந்தை நினைத்துக்கொள்ளலாம். கீழ்த்தளத்தில், காதுக்குக் கேட்கும் 15 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், முன் இடதும் பின் இடதும் கூட்டிப் பதிவாகியிருக்கும். மேல்தளத்தில், 30 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் முதுகில், எஃப்எம் வானொலி போல, முன் இடதிலிருந்து பின் இடதைக் கழித்தது பதிவாகியிருக்கும். வலது சுவரிலும் இப்படியே. மனித காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது என்பதால் மேல்தளத்தில் ஆள் இருப்பதே நமக்குத் தெரியாது.

கூட்டலும் கழித்தலும் கையில் இருந்தால் பிரிப்பது சுலபம். அண்ணன் தம்பி இருவர் வயதைக் கூட்டினால் 70, கழித்தால் 10 என்றால் மூத்தவருக்கு 40, இளையவருக்கு 30 என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். இங்கே ஊகம் இல்லை, நடுவர் இல்லை. ஒழுங்காக வேலை செய்யும்போது சிடி-4 நாலு ஒலிகளையும் உண்மையாகவே தனித்தனியாகத் தரும். சாதாரண ஸ்டீரியோவில் போட்டால் கீழ்த்தளம் மட்டும் கேட்கும். அது முன்னும் பின்னும் கூட்டிய ஒலி என்பதால் எதுவும் விட்டுப்போகாது. அழகான யோசனை.

‘ஒழுங்காக வேலை செய்யும்போது’ என்ற இடத்தில்தான் தலைவலி. அந்த மேல்தளம் 18 முதல் 45 கிலோஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது. அத்தனை நுணுக்கமான நெளிவுகளைச் சாதாரண உருண்டை முனை ஊசியால் படிக்க முடியாது. அதற்காகவே ஜேவிசியில் நோரியோ ஷிபாட்டா என்பவர் ஒரு புது வடிவத்தில் ஊசி முனை வடித்தார். ஷிபாட்டா ஊசி என்று இன்றும் விற்கிறார்கள். குவாட் போனாலும் ஊசி பிழைத்தது. ஊசி மட்டும் போதாது, ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின் சிக்னலாக்கும் காட்ரிட்ஜும் அந்த உயரம் வரை எட்ட வேண்டும். டர்ன்டேபிளிலிருந்து வரும் கேபிளின் கெபாசிடன்ஸ் (மின்தேக்கத் திறன்) 100 பிகோஃபாரடுக்குள் இருக்க வேண்டும். நீளமான கேபிள் போட்டால் மேல்தளம் வழியிலேயே இறங்கிவிடும். கேபிளை நேராக, மேல்தளத்தைப் பிரித்தெடுக்கும் டிமாடுலேட்டர் என்ற பெட்டியில் செருக வேண்டும், நடுவில் டர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் சாதாரண ஃபோனோ ப்ரீஆம்ப் கூடாது. எல்லாம் முடிந்து அந்தப் பெட்டியில் ஒரு சின்ன விளக்கு எரிந்தால், மேல்தள சிக்னல் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த விளக்கு எரிவதற்காக நான் ஒரு தீபாவளி விடுமுறை முழுவதையும் செலவழித்தேன். வீட்டில் பலகாரம் யார் சாப்பிட்டார்கள் என்றுகூடத் தெரியாது.

முன்பு சொன்ன ஊசிக் கவனம் இதுதான். சிடி-4 தட்டைத் தேய்ந்த ஊசியாலோ, கனமாக அழுத்தும் மலிவு பெட்டி டர்ன்டேபிளாலோ பலமுறை போட்டால், கீழ்த்தளப் பாட்டு நன்றாகவே இருக்கும், மேல்தளம் மட்டும் சுரண்டப்பட்டுவிடும். பிறகு குவாடாகப் போடும்போது உப்புத்தாள் தேய்க்கும் கரகரப்புதான் வரும். நாம் பழைய தட்டு வாங்கும்போதும் இதே சிக்கல். பார்க்கப் பளபளவென்று இருக்கும். முந்தின சொந்தக்காரர் 1974இல் எந்த ஊசியால் போட்டார் என்று யாருக்குத் தெரியும்?

அட்டையைப் படிப்பது

ஆகவே கடையில் தட்டை எடுத்ததும் முதல் வேலை சின்னத்தைத் தேடுவது. சிபிஎஸ் தட்டுகளிலும் பிரிட்டனின் இஎம்ஐ தட்டுகளிலும் எஸ்கியூ. ஏபிசி, இம்பல்ஸ், வாக்ஸ் போன்றவற்றில் கியூஎஸ். ஆர்சிஏவிலும் வார்னர் குழுமத்திலும் சிடி-4. ஆர்சிஏ தட்டு எண் ‘ஏபிடி1’ என்று தொடங்கினால் அது குவாட். ‘ஏபிஎல்1’ என்றால் அதே ஆல்பத்தின் சாதாரண ஸ்டீரியோ. ஜப்பான் அச்சில் ‘ரெகுலர் மேட்ரிக்ஸ்’ என்று இருந்தால் அதை கியூஎஸ் குடும்பமாக எடுத்துக்கொள்ளலாம். அட்டையை மட்டும் நம்பாமல் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளையும் பாருங்கள். பழைய தட்டுகளில் அட்டையும் தட்டும் மாறிப்போவது சகஜம்.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்டால், குவாட் பதிப்புகள் பெரும்பாலும் தனியாகக் கலவை செய்யப்பட்டவை. ஸ்டீரியோவில் ஒரு ஓரமாகப் புதைந்திருந்த கிட்டார் இதில் தனி மூலையில் நிற்கும். பிங்க் ஃபிளாய்டின் 1973ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு ஆலன் பார்சன்ஸ் செய்த குவாட் கலவை எஸ்கியூ தட்டாக வந்தது. அந்த இசை கேட்பவர்கள் இன்றும் அதைத் தேடி அலைகிறார்கள். தமிழ்ப் பட எல்பிகளில் இந்தச் சின்னங்கள் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. வீட்டில் இருக்கும் இளையராஜா தட்டுகளை எடுத்துப் பார்க்க ஓடாதீர்கள்.

இருக்கும் ஹோம் தியேட்டரிலேயே தொடங்கலாம்

நம்மவர்கள் பல வீடுகளில் படம் பார்க்க ஐந்து ஸ்பீக்கரும் ஒரு ஏவி ரிசீவரும் ஏற்கெனவே இருக்கும். கியூஎஸ் தட்டுக்கு அதுவே போதும் என்பேன். காரணம் வரலாற்றில் இருக்கிறது. குவாட் இசைத்தட்டு 1970களின் கடைசியில் ஓய்ந்தது. மூன்று முறைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் சண்டை போட்டன, நாலு ஸ்பீக்கர் வாங்க யாருக்கும் மனமும் இடமும் இல்லை. ஆனால் நாலை இரண்டாக்கி மறுபடி நாலாக்கும் மேட்ரிக்ஸ் யோசனை திரையரங்குக்குப் போய் டால்பி ஸ்டீரியோ ஆனது. அங்கிருந்து வீட்டு வீடியோவுக்கு வந்து டால்பி சரவுண்ட், பிறகு புரோ லாஜிக், 2000இல் புரோ லாஜிக் டூ. இந்தக் கடைசியைச் செய்த ஜிம் ஃபாஸ்கேட் குவாட் டிகோடர்கள் செய்து பழகிய கைதான். ‘எதிராக ஆடினால் பின்னால் அனுப்பு’ என்பதுதான் டால்பியின் அடிப்படை விதி. கியூஎஸ்ஸின் விதியும் அதுவேதான். அதனால் கியூஎஸ் தட்டைப் புரோ லாஜிக் டூ மியூசிக் என்ற அமைப்பில் போட்டால் பின் ஒலிகள் பின்னாலேயே போய் உட்காரும். 2014க்குப் பிறகு வந்த ரிசீவர்களில் அதன் இடத்தில் ‘டால்பி சரவுண்ட்’ என்ற பெயரில் வேறொன்று இருக்கும்; அதையும் போட்டுப் பார்க்கலாம், ஆனால் என் காதுக்குப் பழையதுதான் பிடிக்கிறது. கரோசலில் பழைய ரிசீவர்கள் சல்லிசாகக் கிடைப்பது நமக்கு நல்ல காலம்.

எஸ்கியூ தட்டுக்கு இந்த வழி சரிவராது. கால் சுற்று விலகலை டால்பி சுற்றால் முன்னா பின்னா என்று முடிவு செய்ய முடியாது. ஏதோ சுற்றிலும் ஒலி வருகிற மாதிரி இருக்கும், ஆனால் கலவை செய்தவர் வைத்த இடத்தில் எதுவும் இருக்காது. எஸ்கியூவுக்குத் தனி டிகோடர் வேண்டும்: ஒன்று அந்தக் காலத்து ரிசீவர், அல்லது ஆஸ்திரேலியாவின் இன்வால்வ் நிறுவனம் செய்யும் சரவுண்ட் மாஸ்டர் போன்ற இந்தக் காலத்துப் பெட்டி. தட்டு ஐந்தாறுக்கு மேல் சேர்ந்த பிறகு வாங்கினால் போதும்.

இணைப்பது எளிது. டர்ன்டேபிளிலிருந்து ஃபோனோ ப்ரீஆம்ப், அங்கிருந்து ரிசீவரின் சாதாரண ஆடியோ உள்ளீடு. ரிசீவர் மெனுவில் நடு ஸ்பீக்கர் ‘இல்லை’ என்று வைத்துவிடுங்கள். குவாடில் நடு ஸ்பீக்கர் என்று ஒன்று கிடையாது. ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’ என்ற பொத்தானைத் தொடாதீர்கள். அது முன்னால் வருவதையே பின்னாலும் திரும்பப் பாடவைக்கும், எதையும் பிரிக்காது. நாலு ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறது என்று சந்தோஷப்படுபவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். புளூடூத் டர்ன்டேபிளும் வேண்டாம். புளூடூத் ஒலியைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது நாம் நம்பியிருக்கும் அந்த ஃபேஸ் உறவுதான். சிடி-4இன் மேல்தளமோ அதில் ஏறவே ஏறாது. தட்டைக் கணினியில் பதிவு செய்து வைக்க விரும்பினாலும் இதே கணக்கு. மேட்ரிக்ஸ் தட்டைச் சுருக்காத கோப்பாகச் சாதாரண 44.1 கிலோஹெர்ட்ஸில் எடுத்தாலே பிழைத்துவிடும். குறைந்த தர எம்பி3 ஆக்கினால் பாழ்.

சரிபார்க்க ஒரு நல்ல வழி, அப்பா காலத்து மோனோ தமிழ் இசைத்தட்டு. மோனோவில் இரண்டு சுவரும் ஒன்றாகவே ஆடும். எனவே புரோ லாஜிக்கில் போட்டால் டிஎம்எஸ் குரல் முன்னால், இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவே நிற்க வேண்டும். பின்னால் ஏறக்குறைய அமைதி. குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் பேலன்ஸைத் திருத்துங்கள், காட்ரிட்ஜ் நிமிர்ந்து நிற்கிறதா என்று முன்னாலிருந்து பாருங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பாடினால் காட்ரிட்ஜில் ஏதோ ஒரு பக்கத்தின் இரண்டு ஒயர்கள் மாறியிருக்கின்றன. ஆயிரம் வெள்ளிக் கருவி சொல்வதை டிஎம்எஸ் இலவசமாகச் சொல்லிவிடுவார்.

ரிசீவரும் இல்லை, வெறும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்தான் என்றால் அமெரிக்க ஆடியோ பொறியாளர் டேவிட் ஹாஃப்ளர் சொல்லிக்கொடுத்த பழைய தந்திரம் ஒன்று உண்டு. பின்னால் வைக்கும் இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, ஆம்ப்ளிஃபையரின் இடது சிவப்பு முனைக்கும் வலது சிவப்பு முனைக்கும் இடையே மாட்டுவது. இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் பின்னால் கேட்கும். கியூஎஸ் தட்டில் இது வியக்கும்படி வேலை செய்யும், எஸ்கியூவில் அவ்வளவாக இல்லை. ஒரு எச்சரிக்கை: இரண்டு கறுப்பு முனைகளும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும் ஆம்ப்ளிஃபையரில் மட்டும்தான் இதைச் செய்யலாம். இப்போது வரும் சின்ன டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் அப்படி இல்லை, மாட்டினால் எரிந்துபோகும். கையேட்டில் பார்த்து உறுதியாகத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நம் வீட்டுக்குள் நாலு மூலை

குவாடுக்குச் சதுரமான அறையும் நடுவில் உட்காருபவரும் இருந்தால் உத்தமம். வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீட்டுக் கூடத்தில் சோபா சுவரோடு ஒட்டித்தான் இருக்கும். அதற்குப் பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடம் ஏது? கேட்கும் நேரத்துக்கு மட்டும் சோபாவை மூன்று அடி முன்னே இழுத்துவிடுவது என் வழி. முடியாதென்றால் பின் ஸ்பீக்கர்களைச் சோபாவின் இரு பக்கமும், உட்கார்ந்தவர் காதுக்குக் கொஞ்சம் மேலே, சற்றே பின்னால் வைக்கலாம். செருப்பு அலமாரி மேல் ஒன்று, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்று சமாளித்த வீட்டை எனக்குத் தெரியும். நாலும் ஒரே அளவு ஸ்பீக்கராக இருந்தால் நல்லது, ஏனென்றால் குவாடில் பின்னால் வருவது வெறும் எதிரொலி இல்லை. முழு டிரம்ஸே அங்கிருந்து வரலாம். இரவு பத்தரைக்கு மேல் அந்த டிரம்ஸ் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போய்ச் சேரும் என்பதையும் சொல்லவேண்டியதில்லை.

ஜப்பானிலிருந்து வந்த பழைய குவாட் ரிசீவர்கள் இங்கே அவ்வப்போது விற்பனைக்கு வரும். பார்க்கவே ஆசையாக இருக்கும்: மரப்பெட்டி, நாலு முள், பச்சை வெளிச்சம். பின்பக்கத்தைத் திருப்பி வோல்டேஜைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. எனக்கு விற்றவர் “அப்படியே செருகலாம், ஒன்றும் ஆகாது” என்றார். செருகினேன். ஒரு ‘டப்’, பிறகு பூனை முடி கருகின வாசம். ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியிருந்தால் இன்றைக்கு அது பாடிக்கொண்டிருக்கும். அமெரிக்க டர்ன்டேபிளுக்கு வோல்டேஜ் மட்டுமல்ல, மின் அலைவரிசையும் பிரச்சினை. பழைய மோட்டார் பல 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டவை. நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு 28 சுற்றுக்கும் கீழே இறங்கிவிடும். சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கி, பாடகி பாடகர் ஆகிவிடுவார்.

இன்னொரு எதிரி ஈரப்பதம். சிங்கப்பூர்க் காற்றில் ஐந்து வருடம் அலமாரிக்குள் கிடந்த தட்டில் வெள்ளைப் பூஞ்சை கோலம் போட்டிருக்கும். மேட்ரிக்ஸ் தட்டில் அது படபட சத்தம், அவ்வளவுதான். சிடி-4இல் தூசி மேல்தளத்தையே மூடிவிடும். வாங்கி வந்ததும் காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி, நிழலில் காயவைத்துப் போடுங்கள். கழுவிய தட்டைப் பழைய உறையில் திரும்பப் போட்டால் கழுவியதே வீண். புது உள்ளுறை சில காசுதான். அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று வைத்து மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

தட்டுக்கு எங்கே போவது என்றால், கோல்மன் ஸ்திரீட்டில் அடெல்ஃபி கட்டடத்தின் ஹை-ஃபை கடைகளைச் சுற்றினால் சாமானும் கிடைக்கும், ஓசியில் ஆலோசனையும் கிடைக்கும். சுங்கை ரோடு பழஞ்சந்தை இருந்தபோது தரையில் விரித்த தார்ப்பாயில் இந்தச் சின்னங்களைத் தேடுவது தனி சுகம். 2017 ஜூலையில் அது மூடப்பட்ட பிறகு அந்தச் சரக்கில் கொஞ்சம் கரோசலுக்கு வந்துவிட்டது. அங்கே விற்பவர்கள் பலருக்கும் அது குவாட் என்றே தெரியாது. அதனால் படத்தைப் பெரிதாக்கி அட்டை மூலையைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இசைத்தட்டே வேண்டாம், அந்தக் கலவை மட்டும் போதும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பிரிட்டனின் டட்டன் வொகாலியன் நிறுவனம் பழைய குவாட் டேப்புகளை எஸ்ஏசிடி என்ற உயர்தரக் குறுந்தட்டாகவும், ரைனோ நிறுவனம் குவாடியோ என்ற பெயரில் புளூ-ரேயாகவும் வெளியிடுகின்றன. அவற்றில் நாலு ஒலியும் கசிவில்லாமல் தனித்தனியாக வரும். உண்மையைச் சொன்னால், தட்டில் கேட்பதைவிட அதில்தான் நன்றாக இருக்கும். இருந்தும் நான் தட்டையே போடுகிறேன். அந்த விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் ஆவல் குறையவில்லை.

தோ பாயோ தம்பியின் தட்டு எஸ்கியூ. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முதலில் இரண்டு ஸ்பீக்கரில் போட்டேன், பிறகு டிகோடரைத் திருப்பினேன். இரண்டாவது பாட்டு நடுவில் அவர் சட்டென்று திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. டாம்பரின் அடித்துக்கொண்டிருந்தது பின் வலது ஸ்பீக்கர்.